காரைக்குடித் துரு, பாம்பன் துரு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது கடைக்காரர்களுக்கு மனப்பாடம். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், ஸ்வீடன் எனாமல் பாத்திரம். அதெல்லாம் வாசலிலேயே துடைத்து அடுக்கியிருக்கும். தச்சரும் கொல்லரும் புழங்கிய கருவிகள் மட்டும் பின்பக்கம், அடி போன அண்டாவிலும் சிமெண்டுச் சாக்கிலும் குவிந்து கிடக்கும். பழைய இரும்பு எடைக்குப் போக வேண்டியவை. யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று விட்டுவைத்தவை. நான் போனது அந்தச் சாக்குக்காக.

அங்கிருந்து பாம்பன் வரை போவதாகத் திட்டம். தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், உப்பூர், தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம், அப்புறம் பாலம். துருவைப் பார்க்க ஒரு ஆள் ஊர் ஊராகப் போவானா என்று வீட்டில் சிரித்தார்கள். போகலாம். ஒரே இரும்பு இந்த நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு விதமாகத் துருப்பிடிக்கிறது. எடுக்கும் முறையும் அதற்கேற்ப மாறவேண்டும். பழைய கருவிகளைத் தேற்றி வேலைக்குக் கொண்டுவர நினைப்பவர்களில் பலர் எல்லாத் துருவுக்கும் ஒரே மருந்தைப் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி செம்மண் நிறம் ஏறிவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

சாக்கைக் கவிழ்த்ததும் மேலே விழுந்தவை பைப் ரெஞ்சும் குறடும். அவற்றில் எனக்கு ஆசையில்லை. அடியிலிருந்து உளிகளும், இழைப்புளியின் அலகு ஒன்றும், வாய் திறக்காத ஒரு பெஞ்ச் வைஸும் வந்தன. உளி வாங்கும்போது மேல்பக்கத் துருவைப் பார்த்து மிரள வேண்டாம். திருப்பி, தட்டைப் பக்கத்தின் முனையோரம் ஒரு விரல் நீளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால் விட்டுவிடலாம். எவ்வளவு தீட்டினாலும் குழி வருகிற இடத்தில் கூர் உதிர்ந்துகொண்டே இருக்கும். குழி இல்லையென்றால் எவ்வளவு துருவாக இருந்தாலும் உளி உயிரோடுதான் இருக்கிறது. வைஸில் பார்க்க வேண்டியது வெடிப்பு. வார்ப்பிரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்லது கணீரென்று கேட்கும், வெடித்தது பொத்தென்று கேட்கும். மரை இறுகிக் கிடப்பது ஒரு குறையே இல்லை.

கடைக்காரர் உதவ ஆசைப்பட்டார். "அரை மணி நேரம் உக்காருங்க சார். பக்கத்துப் பட்டறையில கிரைண்டர்ல குடுத்துப் பளபளன்னு ஆக்கித் தர்றேன். போட்டோ எடுத்துப் பாத்தாப் புதுசுன்னே சொல்வாங்க." வேண்டாம் என்று சொல்லிக் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். கிரைண்டரில் கம்பிச் சக்கரத்தைப் போட்டால் துருவோடு விளிம்புகள் மழுங்கும். அரைச்சக்கரத்தைப் போட்டால் இரும்பே போகும். அலகின் முனை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் பதம் இறங்கிவிடும், அப்புறம் அது வெறும் தகடு. இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: முத்திரை.

வாங்கிய உளிகளில் ஒன்றை அந்தத் தெரு டீக்கடைப் பெஞ்சிலேயே வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் இந்த வேலைக்கு மண்ணெண்ணெய்தான். இப்போது அது கிடைப்பதே அபூர்வம், டீசல் போதும். கந்தலில் நனைத்துக் கழுத்துப் பகுதியில் ஊறவிட்டு, பழைய சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் துரு தூளாக வராது, ஈரமான பழுப்புச் சேறாக வழியும். துடைத்து, மறுபடி ஊறவிட்டு, மறுபடி சுரண்ட, முதலில் ஒரு வளைகோடு, அப்புறம் ஒரு எழுத்தின் கால், பிறகு மெல்ல 'காஸ்ட் ஸ்டீல்' என்ற ஆங்கில எழுத்துகள் வந்தன. கீழே ஷெஃபீல்டு. எழுத்துகளின் பள்ளத்தில் துரு நின்றது. அதை எடுக்கவில்லை, எடுக்காமல் விட்டால்தான் படிக்க முடிகிறது. கிரைண்டர் இந்த எழுத்தை ஒரு நொடியில் தின்றிருக்கும்.

பழைய ஆங்கில உளிகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்றால் வார்ப்பிரும்பு என்று பொருளில்லை. மூசையில் இட்டு உருக்கிய எஃகு. ஷெஃபீல்டு பக்கத்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் 1740களில் கொண்டுவந்த முறை. மூசையில் எஃகு உருக்குவதை நம் பக்கத்துக் கொல்லர்கள் அவருக்கு வெகு காலம் முன்பே செய்திருக்கிறார்கள். இங்கிருந்து போன 'ஊட்ஸ்' எஃகை மைக்கேல் ஃபாரடே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதனைக்கூடத்தில் வைத்து ஆராய்ந்தார். அதே ஃபாரடே பிற்பாடு மின்பகுப்பு விதிகளை வகுத்தார் என்பதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அடுத்து நான் போன வீட்டில் அந்த விதிகள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வேலை செய்துகொண்டிருந்தன.

காரைக்குடிக்கு மின்வேதியியல் அந்நியமில்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பு அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் முக்கியமானது. இந்தியாவுக்கு ஒரு அரிப்பு வரைபடமே தயாரித்திருக்கிறார்கள். எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை மழை அளவு மாதிரி பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வரிசையாக நிறுத்தி வைத்துச் சோதிக்கும் நிலையமும் அவர்களுடையதுதான். நான் ஆராய்ச்சி நிலையத்துக்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவரின் கொல்லைப்புறத்தில் இருந்தது.

இருபது லிட்டர் வாளி. சலவை சோடா கரைத்த தண்ணீர். பத்து லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. வாளியின் உள்சுற்றில் கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டுகள், ஒன்றோடொன்று செம்புக் கம்பியால் இணைத்தவை. நடுவில், எதையும் தொடாமல், ஒரு குறுக்குக் கட்டையிலிருந்து தொங்கியது பழைய வைஸின் தாடை. பழைய மாடல் கார் பேட்டரி சார்ஜர், 12 வோல்ட். "கறுப்பு ஒயர் கருவிக்கு, சிவப்பு ஒயர் கழிவுக்கு. இது மட்டும் மாறவே கூடாது சார். மாறிச்சுன்னா கருவி கரைஞ்சு முறுக்குக் கம்பி சுத்தமாயிடும்." புது ரக ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பேட்டரி இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்பதால் இந்தப் பழசைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்.

சுவிட்சைப் போட்டதும் தாடையைச் சுற்றி நுண்ணிய குமிழிகள். கொஞ்ச நேரத்தில் மேலே காப்பி நுரை போல ஒரு படலம் கட்டியது. மறுநாள் காலை எடுத்துக் குழாயடியில் பிரஷ் போட்டால் கரி மாதிரி கறுப்பு வழிந்து போகிறது, கீழே சாம்பல் நிற இரும்பு. செந்துருவில் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறிப் பிடி விட்டுவிடுகிறது, பழைய பெயிண்டும் அதோடு உரிகிறது. இந்த முறையின் பெரிய சௌகரியம், இது நல்ல இரும்பைத் தின்பதில்லை. மறந்துபோய் இரண்டு நாள் விட்டாலும் கருவி அப்படியே இருக்கும். ஆசிட்டை அப்படி நம்ப முடியாது. குறை என்றால், முறுக்குக் கம்பிக்கு நேராக இருக்கும் பக்கத்தில்தான் வேலை ஒழுங்காக நடக்கும். மறைந்த பக்கத்துக்காகத் திருப்பித் திருப்பித் தொங்கவிட வேண்டும்.

அவர் இரண்டு விஷயத்தில் கறார். கழிவுக் கம்பி இருக்கும் இடத்தில் எவர்சில்வர் வைக்கக்கூடாது. வீட்டில் சும்மா கிடக்கும் எவர்சில்வர் கரண்டிகள் ஆசை காட்டும், ஆனால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போடக்கூடாது, குளோரின் கிளம்பும். குமிழியாக வருவது ஹைட்ரஜன் என்பதால் மூடிய அறையும் பீடி நெருப்பும் ஆகாது என்று நான் கேட்காமலே சொன்னார். "இங்க ஒரு ஆள் சமையக்கட்டுல வச்சுப் பாத்தாரு சார்," என்று தொடங்கி, பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

வாளியும் சார்ஜரும் இல்லாதவர்களுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு. லிட்டருக்கு ஐம்பது கிராம், ஒரு இரவு, அதற்கு மேல் வேண்டாம். எடுத்ததும் சோடா உப்பு கரைத்த தண்ணீரில் முக்கி, உடனே காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கண்ணெதிரிலேயே மஞ்சள் பூக்கும். புளிக்கரைசலும் வேலை செய்யும். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே புளி. மழுங்கிய அரத்துக்கு இந்தப் புளிப்புக் குளியல் துருவை எடுப்பதோடு பல்லையும் கொஞ்சம் கூராக்குகிறது. ரம்பத்தகடு, ஸ்பிரிங் போன்ற விறைப்பான எஃகை மட்டும் ஆசிட்டில் நெடுநேரம் போடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து பிற்பாடு காரணமில்லாமல் ஒடியும்.

தேவகோட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினேன். வயிற்றுக்கில்லை. கடுக்காய்த் தோலில் டானின் நிறைய. அதைக் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயத்தைத் துருவின் மேல் பூசினால் துரு கருநீலமாக மாறி இறுகிவிடுகிறது. ஆலைகளில் தயாராகி டப்பாவில் வரும் துரு மாற்றிகள் பலவற்றில் இருப்பதும் இந்த டானிக் அமிலமோ, பாஸ்பாரிக் அமிலமோதான். கலம்காரித் துணியின் கறுப்பும் இதே உறவுதான். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாறு, கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். வாளியில் முக்க முடியாதவற்றுக்கு, அதாவது ஜன்னல் கம்பி, கேட், இரும்புப் பெட்டி, பட்டறையின் கனத்த அடித்தாங்கி ஆகியவற்றுக்கு இதுதான் எனக்குப் பிடித்த வைத்தியம். உதிரும் செதில்களை முதலில் கம்பிப் பிரஷால் தட்டிவிட வேண்டும், காய்ந்தபின் மேலே பெயிண்ட் கட்டாயம். கஷாயத்தை மட்டும் நம்பி மழையில் விட்டால் பயனில்லை. உளி, இழைப்புளி போன்ற கூர்க்கருவிக்குக் கடுக்காய் வேண்டாம். அங்கே துரு மாறக்கூடாது, போகவேண்டும்.

உப்பூர் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. கை மேல் பிசுபிசுப்பு. இராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் நின்றேன். உள்ளே தொங்கிய ஸ்பேனர்கள், டிரில் பிட்டுகள், வெர்னியர் எல்லாமே இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. கடல் இன்னும் தூரத்தில் இருக்கிறதே என்று தேடினால், மூலையில் மூடியில்லாத ஆசிட் கேன். கக்கூஸ் கழுவும் அதே ஹைட்ரோகுளோரிக். துருவை மிக வேகமாக எடுக்கும், உண்மை. ஆனால் அதன் ஆவி அறை முழுவதும் பரவி, துருவே இல்லாத கருவியிலும் உட்காரும். ஒரு ஸ்பேனரைக் காப்பாற்றப் போய் நாற்பது ஸ்பேனரைக் கெடுப்பது இந்த ஒரு மருந்துதான். பட்டறைக்குள் அதற்கு இடமே கிடையாது என்பது என் கருத்து. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து.

பாம்பனுக்குப் போகச் சரியான காலம் மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். தச்சர், வெல்டர், இன்ஜின் மெக்கானிக் எல்லோருக்கும் அறுபத்தோரு நாள் ஓயாத வேலை. கரையில் எங்கே பார்த்தாலும் கழற்றிப் போட்ட இன்ஜின் பாகங்கள், சங்கிலிகள், நங்கூரங்கள், ரெட் ஆக்சைடு வாடை.

அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன், அறுபது வயதிருக்கும், பெரிய ரெஞ்சு ஒன்றை நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினார். காய்ந்த துருவின் மேல் குண்டூசித் தலை அளவில் பழுப்பு நீர்த்துளிகள் நின்றன. மழை இல்லை, பனியும் இல்லை. துருவே வியர்த்திருந்தது. "இதுல உப்பு உள்ள உக்காந்திருக்கு தம்பி. மேல சொரண்டிட்டுப் பெயிண்ட் அடிச்சீங்கன்னா, உள்ளாறயே வேலையக் காட்டும். ஆறு மாசத்துல பெயிண்டோட தோல் உரியும்."

"அப்ப என்னண்ணே செய்றது?"

"மொதல்ல நல்ல தண்ணி. அப்புறமும் நல்ல தண்ணி. அதுக்கப்புறந்தான் டீசலு, பிரஷ்ஷு எல்லாம்."

இதுதான் காரைக்குடிக்கும் பாம்பனுக்கும் உள்ள வித்தியாசம். செட்டிநாட்டுப் பூட்டிய வீடுகளில் இருக்கும் துரு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மெல்ல வளர்ந்து, கோடையில் தூங்கிவிடும். மேலே படிந்த மெல்லிய தோல் அது. டீசலும் பிளேடும் கேட்கும். கடலோரத் துருவில் குளோரைடு துருவுக்கு அடியில், இரும்பை ஒட்டி அமர்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீர் படாத நாளிலும் அரித்துக்கொண்டே இருக்கும். கடலடியிலிருந்து எடுத்த பழைய பீரங்கிகளை அருங்காட்சியகங்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காரக்கரைசலில் ஊறப்போடுவது இந்த உப்பை வெளியே இழுக்கத்தான். ஒரு ரெஞ்சுக்கு அவ்வளவு வேண்டாம். அண்ணனின் முறை: வாளி நல்ல தண்ணீரில் முக்கி வைப்பது, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது, வெயிலில் காயவைத்து மறுநாள் வியர்க்கிறதா என்று பார்ப்பது. வியர்த்தால் மறுபடி வாளி. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் உள்ள ஊரில் இதைச் செய்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் அவசியம் தெரியும். சுக்கானுக்குப் பக்கத்தில் அவர் துத்தநாகக் கட்டிகளை மாட்டிக்கொண்டிருந்தார். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும், கரைந்ததும் புதுசு. காரைக்குடி வாளியில் முறுக்குக் கம்பி செய்த வேலை, இங்கே மின்சாரம் இல்லாமல் நடக்கிறது.

1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் எல்லோரையும் போல நானும் வண்டியை நிறுத்தினேன். கீழே பழைய ரயில் பாலம், 1914 பிப்ரவரியில் திறந்தது. நடுவில் கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பாலத்தை ஆட்கள் நெம்புகோல் தள்ளித்தான் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலம் சேதமாகி, பொறியாளர் இ.ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சீராயிற்று. புயல் தாண்டிய அந்தப் பாலத்தை மெல்ல மெல்லத் தோற்கடித்தது உப்புக்காற்று. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. பக்கத்தில் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம், 72.5 மீட்டர் தூக்குப் பகுதியோடு. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்புக்கு மேல் பாலிசிலாக்சேன் பூச்சு, இணைப்புகள் முழுக்க வெல்டிங். மரையும் ரிவெட்டும் இருக்கும் இடுக்குகளில்தான் உப்புத் தண்ணீர் தங்கும் என்பதைக் கருவி துடைக்கிறவனும் அறிவான்: வைஸின் மரை, குறடின் மூட்டு, ரெஞ்சின் பல் இவைதான் முதலில் போகும்.

காரைக்குடிச் சாக்கிலிருந்து வாங்கி வந்த அந்த வைஸ் இப்போது திறந்து மூடுகிறது. டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து மரையில் ஊற்றி, தினம் நாலு தட்டுத் தட்டி, அவசரப்படாமல் விட்டதில் தானாக இளகியது. கைப்பிடியில் குழாய் மாட்டி நெம்பியிருந்தால் வார்ப்பு உடைந்திருக்கும். உளிகளுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி. எந்த எண்ணெய் என்று பலரும் கேட்கிறார்கள். தையல் மெஷின் எண்ணெயே போதும். தேங்காயெண்ணெய் நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும். வேர்வைக் கையோடு தொட்டுவிட்டு அப்படியே பெட்டியில் போடுவதுதான் பெரிய கேடு, வேர்வையும் உப்புத்தான்.

காரைக்குடிப் பக்கம் போனால் அந்தச் சாக்கை அவிழ்க்கச் சொல்லுங்கள். பளபளப்பாக்கி வைத்திருக்கும் கருவியை வாங்காதீர்கள், அதில் எவ்வளவு இரும்பு போயிற்று என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. துருவோடு இருப்பதையே கேட்டு வாங்குங்கள். இராமேஸ்வரம் போய்த் திரும்புகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தையும் டூல்ஸ் பெட்டியையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு.